செம்பாயியின் இருபத்தேழு உயிர்

"அம்மா, என்ற உசுர அண்ணன் எதுக்குங்க உருட்டறான்?"

உன் தங்கை கோகிலா என்னிடம் இதைக் கேட்டபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. நீ பத்தாவது பரீட்சை எழுதி முடித்த கோடை விடுமுறை அது. நான் கூடத்து மேசையில் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கணக்கு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமல், நிமிர்ந்து அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஆரு உருட்டுனா என்ன அம்முணி, உளுகற நெம்பரு ஒண்ணுதானே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கணக்குப்படி அந்தப் பதில் சரி. தாயக்கட்டைக்கு யார் கை என்று தெரியாது. ஆனால் கண்ணு, முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் சொன்ன தப்பான பதில்களை வரிசைப்படுத்தினால் அதுதான் முதலில் வரும். அதன் பலனை நேற்றுத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார்.

சேலம் கல்வி அலுவலகத்திலிருந்து கோகிலாவுக்கு ஒரு கடிதம். கொல்லிமலைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேரும்படி போன மாதம் வந்த ஆணையை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அவளுடைய 'காப்பாளர்' மனுக் கொடுத்திருக்கிறாராம். அவள் இருதய நோயாளி, மலையில் வேலை பார்க்க உடல் தாங்காது என்று. மனுக் கொடுத்தவரே பதினைந்து நாளைக்குள் அதைத் திரும்பப் பெறாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். கோகிலா வாசலில் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னிடம், "காப்பாளர்னா ஆருங்கம்மா? அப்பா போயி பத்து வருசமாச்சுங்களே, ஆபீசுல யாரையோ மாத்திப் போட்டுட்டாங்களாட்ட இருக்குது" என்றாள். அவள் பிசகு என்று நினைத்தாள். கடிதத்தோடு இணைத்திருந்த மனுவின் நகலை நான் புரட்டினேன். கீழே கையெழுத்து உன்னுடையது. நீ முதன்முதலாகக் கையெழுத்துப் போடப் பழகியது என் பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில். எனக்குத் தெரியாதா?

தபாலாபீசுக்குப் போய், நீ வேலை பார்க்கும் ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைக்குப் போன் போட்டேன். நீ மறைக்கவில்லை. அதற்கு மட்டும் உன்னை மெச்சுகிறேன். "ஆமாங்கம்மா, நாந்தான் எழுதிக் குடுத்தேன். அந்த மலப்பாதையில எழுவது வளைவுங்க. பஸ்சுல ஏறி எறங்கறதுக்குள்ள அவளுக்கு மூச்சு வாங்கிரும். நல்லதுக்குத்தானுங்க செஞ்சேன். அவ தாங்க மாட்டாங்கம்மா" என்றாய். நீ பேசிக்கொண்டே போனாய். எனக்கு அந்தக் கடைசி வார்த்தைக்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை. தாங்க மாட்டாள். அந்த வார்த்தையை நீ எந்தக் காகிதத்தில் முதன்முதலில் எழுதினாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. போனில் கத்தினால் தபாலாபீசே திரும்பிப் பார்க்கும் என்பதால் வைத்துவிட்டு வந்தேன். அதனால் இந்தக் கடிதம் நீளும். பொறுமையாகப் படி. நான் நாற்பது பிள்ளைகளின் ஒரே தப்பை நாற்பது தடவை பொறுமையாகத் திருத்தியவள்தான். இருந்தாலும் இப்போது எனக்குக் கோபமாக இருக்கிறது.

அந்தக் கோடையில் கப்பலில் வேலை பார்த்த உன் பெரியப்பா மகன், ஏதோ துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் வாங்கியதாகச் சொல்லி, ஒரு நசுங்கிய அட்டைப்பெட்டியை உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். மூடியில் தீ கக்கும் மிருகம். உள்ளே ஆங்கிலத்தில் இரண்டு புத்தகம். பலகை இல்லை, காய் இல்லை. ஒருவன் குகை, காடு, பூதம் என்று கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும். போர்வீரன், மந்திரக்காரன், திருடன் என்று எந்த வேஷமும் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எவ்வளவு உயிர் என்று கட்டை உருட்டிக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அடி விழ விழ அந்த எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். பூஜ்யம் ஆனால் செத்தான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நீ ஒரு வாரம் உட்கார்ந்து இதையெல்லாம் தமிழாக்கினாய். 'உயிர்ப்புள்ளி' என்று நீ போட்ட பெயரை அடுத்த நாளே நீங்கள் 'உசுரு' என்று சுருக்கிவிட்டீர்கள். உடம்பின் வலுவுக்கு ஒரு எண் உண்டு. அது கூடுதலாக இருந்தால் உயிரோடு கூட்ட வேண்டும், குறைவாக இருந்தால் கழிக்க வேண்டும். அந்தக் கட்டத்துக்கு நீ வைத்த பெயர் 'தாங்கு'. நல்ல தமிழ் என்று நான்தான் உன் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

பெட்டியில் கட்டை மட்டும் இல்லை. எட்டு முகம், இருபது முகம் என்று என்னென்னவோ கட்டைகள் வேண்டும் என்று புத்தகம் சொன்னது. நம் வீட்டில் இருந்தது பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி. அதோடு நம் வீட்டுப் பழக்கமும் சேர்ந்து உள்ளே வந்துவிட்டது. புத்தகம் எழுதியவனுக்கு ஒன்று விழுந்தால் அதைவிடக் கெட்டது இல்லை, சாவுக்குப் பக்கத்து எண். நம் வீட்டிலோ ஒன்று விழுந்தால் தாயம்! மூன்று பேரும் கூரை அதிரக் கத்துவீர்கள். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதைப் போல, தாயம் விழுந்தால்தான் பாத்திரம் பிறக்கும் என்று விதி வைத்தீர்கள். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம், எல்லாவற்றையும் கூட்டலாம். புத்தகத்துக்கு முற்றும் விரோதம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. உலகத்தில் எவனோ ஒருவன் எழுதிய விதிக்குள் நம் பிள்ளைகள் தாயம் போட்டு நுழைகிறார்களே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஆடியது நீங்கள் மூன்று பேர். நீ கதை நடத்துபவன். ஆழ்துளைக் கிணறு போடும் எதிர்வீட்டு ரிக் வண்டிக்காரர் மகன் செங்கோடன் ஒரு போர்வீரன். கோகிலா தானும் போர்வீரிதான் என்றாள், 'செம்பாயி' என்று பெயர் வைத்தாள். அங்கேதான் ஆரம்பித்தது. "நீ மந்திரக்காரியா இரு, பொட்டாட்ட, அடிபடாம பின்னால நின்னுக்கலாம்" என்றாய் நீ. அவள் மாட்டேன் என்றாள். சரி என்று விட்டுவிட்டு, அவள் தாளில் 'தாங்கு' கட்டத்தில் உருட்டாமலே அடிமட்ட எண்ணை எழுதினாய். அவள் முறைத்ததற்கு, "நெசமாவே உனக்கு அப்படித்தானே" என்றாய். பிறகு அவள் கையை நீட்டும் முன் கட்டையை எடுத்து நீயே உருட்டினாய். வீசி உருட்டினால் அவளுக்கு மூச்சு வாங்குமாம்! தாயம் ஒன்று, அடுத்தது மூன்று, தாங்குக் கழிவு இரண்டு. செம்பாயிக்கு இரண்டு உசுரு. அப்போதுதான் கோகிலா என் மேசைக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் சொன்ன பதில்தான் உனக்குத் தெரியுமே.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒன்பது வயதில் மூட்டு மூட்டாக வலித்துக் காய்ச்சல் வந்து, சேலத்து டாக்டர் அவள் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு முகம் மாறினாரே, அன்றிலிருந்து இந்த வீட்டில் அவள் பெயருக்குப் பின்னால் ஒரு 'வேண்டாம்' ஒட்டிக்கொண்டது. கோகிலா, ஓட வேண்டாம். கோகிலா, குடம் வேண்டாம். கோகிலா, மாடிப்படி வேண்டாம். அதைத் தினமும் பாடமாக நடத்தியவள் நான். நீ நல்ல மாணவன், மனப்பாடம் செய்துவிட்டாய்.

செம்பாயியை முதல் நாள் ஒரு குகை எலி கடித்துக் கொன்றது. இரண்டாம் நாள் பள்ளத்தில் விழுந்து செத்தாள். மூன்றாம் நாள் ஒரு எலும்புக்கூடு. ஒவ்வொரு முறையும் கோகிலா புதுத் தாளில் அதே பெயரை எழுதினாள். "மறுக்காவும் செம்பாயியா? உங்கூட்டுல வேற பேரே இல்லியா புள்ள?" என்று செங்கோடன் கிண்டல் செய்தான். "அவ சாகலடா, உங்களுக்குத்தான் எண்ணத் தெரியல" என்றாள் இவள். நான்காம் நாள் நீ தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில் கட்டையை எடுத்து இரு கைக்குள்ளும் தேய்த்து உருட்டிவிட்டாள். தாயம். பிறகு இரண்டு கட்டையும் வெறும் முகம் காட்டிப் பன்னிரண்டு. பிறகு ஆறு. பிறகு ஐந்து. கடைசியில் மூன்று விழுந்து நின்றது. இருபத்தேழு. செங்கோடன் கண்ணால் பார்த்தான். அவன் சிரிப்பு நின்று, "எங்கப்பன் ரிக்கு வண்டிக்குக்கூட இத்தன உசுரு இல்லீங்கடா சாமி!" என்று கத்தியது எனக்குச் சமையல்கட்டு வரை கேட்டது.

நீ செல்லாது என்றாய். அவள் செல்லும் என்றாள். வழக்கு என்னிடம் வந்தது. இப்போது நான் ஒப்புக்கொள்ளப் போவதைக் கவனமாகப் படி. நான் ஒரு பென்சிலை எடுத்தேன். இரண்டு தாயக்கட்டை, ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம், பதினாறு விதமாக விழலாம். தாயம் இரண்டு விதம், பன்னிரண்டு ஒரே விதம், ஆறு ஒரே விதம், ஐந்து இரண்டு விதம், மூன்று நான்கு விதம். பெருக்கினேன். இப்படி ஐந்து உருட்டு இதே வரிசையில் விழ, அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறில் ஒரு வாய்ப்பு. அந்த எண்ணை அவள் முன்னால் வைத்து, "இது நடக்கற காரியமா அம்முணி? கட்ட சரியா உருளல. எல்லாருக்கும் ஒரே மாதிரி பத்து வெச்சுக்கங்க. கோகிலாவுக்குத் தாங்கு கொறைச்சல், எட்டுப் போதும்" என்று தீர்ப்புச் சொன்னேன். கணக்கைக் காட்டி ஒரு குழந்தையின் வாயை அடைத்தேன். அவள் அழவில்லை. தாளை நான்காக மடித்துத் தன் ஜியாமெட்ரி பாக்சில் வைத்து மூடினாள். அதற்கப்புறம் அவள் உங்களோடு உட்காரவில்லை. இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஆட்டம் நடக்காமல் பத்து நாளில் பெட்டி பரணுக்குப் போனது.

என் தப்பு எது என்று ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். விழுந்து முடிந்த பிறகு உட்கார்ந்து, இதே வரிசையில் விழ எத்தனை வாய்ப்பு என்று கேட்டால், எந்த வரிசையும் நடக்க முடியாத அதிசயமாகத்தான் தெரியும். உதாரணம் சொல்கிறேன். செங்கோடனுக்கு அன்று விழுந்தது தாயம், ஆறு, நான்கு. பதினொரு உசுரு. அதையும் அதே பென்சிலால் பெருக்கிப் பார், அறுநூற்று எண்பத்து மூன்றில் ஒன்றுதான் வரும். ஆண்டுத் தேர்வு முடிவு ஒட்டிய நாள் பெய்த மழைக்கும் அப்படி ஒரு எண் வரும். நீ பிறந்ததற்கே வரும். ஆனால் செங்கோடனின் பதினொன்றை நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லையே. ஏன்? திடமான பையன், பதினொரு உசுரு இருக்கும், அதில் சந்தேகம் என்ன என்று விட்டுவிட்டேன். இருதயத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு இருபத்தேழு என்றால் மட்டும் எனக்கு நிரூபணம் வேண்டியிருந்தது. என் வகுப்பில் ஒருத்தி இப்படி எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன். எனக்கு நானே அந்தப் பூஜ்யத்தைப் போட ஒன்பது வருஷமும் உன் மனுவும் தேவைப்பட்டிருக்கிறது. இதில் எனக்கு என் மேல் வரும் கோபம் உன் மேல் வருவதைவிடக் குறைவு என்று நினைத்துவிடாதே.

சரி, உனக்குக் கணக்குத்தான் வேண்டும் என்றால் மெய்யான கணக்கு ஒன்று போடுவோம். மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. எவ்வளவு கெட்டியான மருந்து அது என்று உனக்குத் தெரியும், சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனவன் நீதான். போட்டுக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடந்து நேரே பள்ளிக்கூடம் போவாள். வருஷத்துக்குப் பதினேழு. பன்னிரண்டு வருஷம். இருநூற்று நான்கு ஊசி. ஒன்றைக்கூடத் தள்ளிப் போட்டதில்லை. நீ காலில் ஆணி குத்தி ஒரே ஒரு ஊசி போட்டுக்கொண்ட அன்று, ஆஸ்பத்திரி பெஞ்சோடு மயங்கிச் சாய, கம்பவுண்டர் தண்ணீர் தெளித்து எழுப்பினாரே, அப்போது உன் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தது யார்? பதினான்கு வயது கோகிலா. இப்போது சொல், இந்த வீட்டில் யாருடைய தாளில் 'தாங்கு' கட்டத்தில் அடிமட்ட எண்ணை எழுத வேண்டும்?

அதே சேலத்து டாக்டரிடம் போன மாதம் ஆணை வந்த கையோடு அவளே போய்வந்தாள். மலையில் இருக்கலாம், ஊசியை மட்டும் விடாதே, அங்கே நர்ஸ் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள் என்றாராம். கேட்டுக்கொண்டாள், இருக்கிறார். அந்தச் சீட்டு அலமாரியில் இருக்கிறது. இதையெல்லாம் நீ அவளிடம் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். நீ கேட்கவில்லை. ஆத்தூரிலிருந்து பஸ் ஏறிச் சேலம் போய், வரிசையில் நின்று, மனு எழுதி, 'காப்பாளர்' என்று கையெழுத்துப் போட உனக்கு நேரம் இருந்திருக்கிறது. இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு, தன் சம்பளத்தில் நிற்கப் போகிறவளுக்கு, எதற்கடா காப்பாளர்? பெற்றவள் நான் இருக்கிறேனே, நானே அப்படிக் கையெழுத்துப் போட மாட்டேன். நீ அவள் மேல் உயிரையே வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வைத்துக்கொள். உன் உயிரை வை. அவள் உயிரை எடுத்து உருட்டாதே.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் புத்தகத்தை நீ மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் எனக்குப் புரியாமல் உன்னிடம் கேட்டேன். இருபது உயிர் இருந்தவனுக்கு அடிபட்டு அடிபட்டு ஒன்றுதான் மிச்சம் என்றால், அவன் கத்தி வீச்சும் குறையுமா என்று. நீ பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இல்லீங்கம்மா, ஒரு உசுரு இருக்கறவரைக்கும் முழுசாவே சண்ட போடலாம்" என்றாய். எனக்கு அன்று அது அபத்தமாகப் பட்டது. நேற்று முழுக்க யோசித்துப் பார்த்தால் அது ஒன்றுதான் அதில் நியாயமான விதியாகத் தெரிகிறது. உயிர் குறைந்தவர் வாளை ஓங்கக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. குகைக்குள் போகாதே என்றும் இல்லை. ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் கதை நடத்துபவன் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும், அவ்வளவுதான். நீயும் கேட்பாய், கூடத்தில் உட்கார்ந்து ராகமாக, "உசுரு எத்தன?" என்று. ஆடுகிறவர் தன் தாளைப் பார்த்துச் சொல்வார். சொன்ன எண்ணை நீ எழுதிக்கொள்வாய். பிறகுதான் கதை நகரும். செங்கோடனிடம் தினமும் கேட்டாய். கோகிலாவிடம் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அவளுடைய எண் உனக்கே தெரியும் என்று இருந்துவிட்டாய். இப்போதும் அப்படியே இருக்கிறாய்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளிடம், அண்ணன் மேல் கோபமா என்று கேட்டேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "கோவமெல்லாம் இல்லீங்க" என்றாள். பிறகு, "அந்த இருவத்தேழும் அப்படியே இருக்குதுங்கம்மா. ஒண்ணுகூடச் செலவாகல. ஆரு செலவு பண்ண உட்டீங்க?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை எதிர்கொள்ள ஒருவராவது இந்த வீட்டில் யோக்கியமாக நடந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மனுவைத் திரும்பப் பெறச் சொல்லி நான் உன்னைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. நான் சொல்லி நீ செய்தால், அதுவும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவளுக்காக உருட்டியதாகத்தான் ஆகும். பதினைந்தில் ஒரு நாள் போய்விட்டது, இந்தக் கடிதம் ஆத்தூர் வந்து சேர இன்னும் இரண்டு போகும். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்சில் வா. செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார். ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, "உசுரு எத்தன?" என்று அவளைக் கேள். அவள் சொல்லுகிற எண்ணை, ஒன்றுகூடக் கழிக்காமல், அப்படியே எழுது.